ஆராய்ச்சித் தலைவர் எதைத் தீர்மானிக்கிறார்? லிசா சூவின் முப்பதாண்டுப் பாதை சொல்லும் விளக்கம்

2025 அக்டோபர் 6 அன்று கணினிச் சிப்களை வடிவமைக்கும் ஏஎம்டி, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் ஓர் ஒப்பந்தத்தை அறிவித்தன. அதன்படி ஏஎம்டியின் செயற்கை நுண்ணறிவுச் சிப்களை ஓப்பன்ஏஐ படிப்படியாக நிறுவும். அவை எல்லாம் சேர்ந்து இழுக்கும் மின்சாரம் 6 கிகாவாட். குறித்த இலக்குகள் ஒவ்வொன்றாக எட்டப்படும்போது, பெயரளவு விலையில் 16 கோடி ஏஎம்டி பங்குகள் வரை வாங்கிக்கொள்ளும் உரிமை ஓப்பன்ஏஐக்குக் கிடைக்கும். கூடங்குளத்தில் திட்டமிடப்பட்ட ஆறு உலைகளும் ஒருசேர ஓடினால் வரும் மின்சாரம்தான் 6 கிகாவாட். அன்று ஒரே நாளில் ஏஎம்டி பங்கின் விலை ஏறக்குறைய கால் பங்கு உயர்ந்தது.

செய்திகளில் எல்லாம் முன்னால் நின்றவர் ஏஎம்டியின் தலைமைச் செயல் அதிகாரி லிசா சூ. மூழ்கவிருந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய பொறியாளர் என்றே அவரை எல்லோரும் அறிமுகப்படுத்தினார்கள். படிப்பவருக்கு இங்கே ஒரு நியாயமான குழப்பம் வரும். சிப்பை வடிவமைப்பவர்கள் ஆயிரக்கணக்கான பொறியாளர்கள். அதைத் தயாரித்துக் கொடுப்பது தைவானில் உள்ள டிஎஸ்எம்சி என்ற வேறொரு நிறுவனம். அப்படியானால் தலைமையில் இருப்பவர் என்னதான் செய்கிறார்? பாராட்டு ஏன் அவருக்குப் போகிறது? அது முழுக்க அவருக்கு உரியதுதானா?

இதற்குப் பதில் அவருடைய பணி வரலாற்றிலேயே இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு கணக்கை மறக்கக் கூடாது. இந்தத் துறையில் ஒரு முடிவுக்கும் அதன் விளைவுக்கும் இடையே நான்கைந்து ஆண்டுகள் ஓடிவிடும். இன்றைய வெற்றிச் செய்தியை யாருடைய கணக்கில் எழுதுவது என்று தெரிய வேண்டுமானால், செய்தித் தேதியிலிருந்து அத்தனை ஆண்டுகளைக் கழித்துவிட்டு, அப்போது யார் எந்த நாற்காலியில் இருந்தார் என்று தேட வேண்டும்.

முதலில் நான்கு சொற்கள்

ஆராய்ச்சி, மேம்பாடு என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பவை வெவ்வேறு வேலைகள்.

1. ஆராய்ச்சி: இயற்பியலும் வேதியியலும் எதற்கு இடம் கொடுக்கும் என்று தேடுவது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் (சிப்பின் அடிப்படையான நுண் மின்சுவிட்ச்) ஒரு முறை சரியாக வேலை செய்துவிட்டாலும் அது வெற்றிதான்.

2. தொழில்நுட்ப மேம்பாடு: ஒரு முறை நடந்ததைக் கோடி முறை, ஒரே தரத்தில், கட்டுப்படியாகும் செலவில் நடக்க வைப்பது. பெரும்பாலான கண்டுபிடிப்புகள் உயிர்விடும் இடம் இதுதான்.

3. தயாரிப்பு முறை: சிலிக்கான் வட்டின்மேல் டிரான்சிஸ்டர்களையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் உருவாக்கும் நூற்றுக்கணக்கான படிகளின் தொகுப்பு. 14 நானோமீட்டர், 7 நானோமீட்டர் என்று பேசப்படுவது இதன் தலைமுறைப் பெயர். இன்று அந்த எண் எந்தப் பகுதியின் நேரடி அளவும் கிடையாது.

4. கட்டமைப்பு: அந்த டிரான்சிஸ்டர்களை வைத்துக் கணக்கிடும் இயந்திரத்தை எப்படி அமைப்பது என்ற திட்டம். ஒரு வீட்டுக்கு வரைபடம் எப்படியோ, சிப்புக்குக் கட்டமைப்பு அப்படி.

லிசா சூ இந்த நான்கிலும் ஏதோ ஒரு கட்டத்தில் பொறுப்பு வகித்தவர். மேலாண்மைப் பள்ளியில் தொடங்கி மேலே வந்தவர்களிடமிருந்து அவரை வேறுபடுத்துவது இந்த வரிசைதான்.

எம்ஐடியில் தொடங்கிய பாதை

1969-ல் தைவானின் தைனான் நகரில் பிறந்த அவர், சிறு குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்துடன் நியூயார்க் வந்து சேர்ந்தார். தந்தை புள்ளியியலாளர், தாய் கணக்காளர். எம்ஐடி என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் மூன்று பட்டங்களும் பெற்றார். முனைவர் பட்டம் 1994-ல். அவருடைய ஆய்வு, காப்பு அடுக்கின்மேல் மெல்லிய சிலிக்கானைப் படியவைத்து அதில் மிகச் சிறிய டிரான்சிஸ்டர்களை அமைப்பது பற்றியது. வழக்கமான சிப்பில் டிரான்சிஸ்டருக்கு அடியில் இருப்பதும் சிலிக்கானே. அதனால் மின்னோட்டத்தில் கொஞ்சம் கீழே கசியும். நடுவே ஒரு காப்பு அடுக்கு இருந்தால் அந்தக் கசிவு குறையும், வேகமும் கூடும்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் சில மாதங்கள் இருந்துவிட்டு 1995-ல் ஐபிஎம்மில் ஆராய்ச்சியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் கையில் எடுத்த சிக்கல், இந்தத் துறை எப்படி இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள மிகச் சிறந்த பாடம்.

செம்பு ஏன் அவ்வளவு பெரிய சிக்கலானது?

1990-கள் வரை சிப்புக்குள் டிரான்சிஸ்டர்களை இணைத்த கம்பிகள் அலுமினியத்தால் ஆனவை. டிரான்சிஸ்டர்கள் சிறியவையாக ஆக ஆக வேகம் கூடியது. கம்பிகளோ மெலிந்து மெலிந்து மின்தடை ஏறியது. அடுத்த தலைமுறைகளில் வேகத்தைக் கட்டிப்போடப் போவது டிரான்சிஸ்டர் இல்லை, கம்பிதான் என்று தெரிந்துவிட்டது. அலுமினியத்தைவிடச் செம்புக்கு மின்தடை ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு. நம் வீட்டு மின்கம்பியிலேயே செம்பு இருக்கிறதே, சிப்பில் மட்டும் ஏன் போடவில்லை? இரண்டு தடைகள் இருந்தன.

ஒன்று, செம்பு சிலிக்கானுக்குள் வேகமாக ஊடுருவிப் பரவும். அப்படிப் பரவிய செம்பு அணுக்கள் டிரான்சிஸ்டரின் மின்பண்பையே கெடுத்துவிடும். துளி செம்பு போதும், ஒரு சிப் பாழாக. செம்பு என்றாலே ஆலைக்குள் விடாமல் விரட்டிய காலம் அது.

இன்னொன்று, செதுக்குவது. அலுமினியத்தை அடுக்காகப் பூசி, வேண்டாத இடங்களை வாயுக்களால் அரித்து எடுத்தால் மிஞ்சுவது கம்பி. செம்பை அப்படி அரிக்க முடியாது. அரிக்கும் வாயுவோடு சேர்ந்து உருவாகும் செம்புச் சேர்மங்கள் எளிதில் ஆவியாகாமல் அங்கேயே தங்கிவிடும்.

தீர்வு, வேலையின் வரிசையையே தலைகீழாக்கியது. முதலில் காப்புப் பொருளில் காடி வெட்ட வேண்டும். மரவேலையில் ஆசாரி வெட்டும் காடி போலத்தான், மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு குறுகலாக. காடியின் உட்புறம் முழுக்க, செம்பு வெளியே கசியாமல் தடுக்கும் மெல்லிய தடுப்பு அடுக்கைப் பூச வேண்டும். பிறகு மின்முலாம் முறையில் செம்பை நிரப்பி, மேலே வழிந்ததைத் தேய்த்து மட்டமாக்க வேண்டும். தங்கத்தையும் வெள்ளியையும் காடியில் பதித்த டமாஸ்கஸ் நகரத்து வேலைப்பாட்டின் பெயரையே பொறியாளர்கள் இதற்கு வைத்தார்கள்: டமாசீன் முறை.

ஐபிஎம் இந்த முயற்சியை 1980-களிலேயே தொடங்கிவிட்டது. லிசா சூ வந்து சேர்ந்தபோது அடிப்படைக் கருத்து கையில் இருந்தது. செம்பு மாசு உற்பத்திக்குள் புகுந்து டிரான்சிஸ்டர்களைக் கெடுக்காமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற கேள்வி மீதமிருந்தது. தன் சிறப்புத்துறை செம்பு இல்லை என்றும், சிக்கல்கள் எங்கே இருந்தனவோ அங்கே தான் நகர்ந்துபோனதாகவும் அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1997 செப்டம்பரில் ஐபிஎம் செம்புத் தொழில்நுட்பத்தை அறிவித்தது. 1998-ல் செம்புக் கம்பி கொண்ட பவர்பிசி சிப்கள் விற்பனைக்கு வந்தன. சில ஆண்டுகளில் மொத்தத் துறையும் செம்புக்கு மாறியது.

அறிவியல் ஒருவரிடம் பிறந்து, நடைமுறை இன்னொருவர் கையில் முடிந்த கதை இது. கடைசிக் கட்டத்தில் வந்து சேர்ந்தவர் என்பதற்காக அவர் பங்கைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆய்வுக்கூடத்தில் பத்தாண்டு தேங்கிக் கிடந்த ஒன்றை ஆலை வாசலைத் தாண்ட வைக்கும் திறமை அரிது. அவருடைய பிற்காலப் பணிகளிலும் இதே வகைத் திறமை திரும்பத் திரும்பத் தென்படுகிறது.

சக்தி வாய்ந்த சிப், எழுத முடியாத மென்பொருள்

2000-ல் ஐபிஎம் தலைமைச் செயல் அதிகாரி லூ கெர்ஸ்ட்னருக்குத் தொழில்நுட்ப உதவியாளராக ஓராண்டு இருந்தார். ஒரு பெரிய நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கான பணம் எங்கே, எப்படி ஒதுக்கப்படுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்த காலம் அது. அதன்பின் புதிய தயாரிப்புகளுக்கான சிறு பிரிவு ஒன்று அவர் பொறுப்பில் வந்தது. சோனி, தோஷிபா நிறுவனங்களுடன் ஐபிஎம் கூட்டாக உருவாக்கிய செல் என்ற செயலியின் பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

செல் அந்தக் காலத்துக்கு அசுர வேகம் கொண்டது. 2006-ல் வந்த பிளேஸ்டேஷன் 3-க்குள் இருந்தது. அதன் மேம்பட்ட வடிவம் ஏஎம்டியின் ஆப்டெரான் சிப்களுடன் சேர்ந்து, 2008-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரோட்ரன்னர் என்ற கணினியை உலகில் முதன்முதலாக ஒரு பீட்டாஃபிளாப் வேகத்தைத் தாண்ட வைத்தது. ஒரு நொடிக்கு ஆயிரம் லட்சம் கோடிக் கணக்குகள்.

இருந்தும் செல் நிலைக்கவில்லை. அதன் எட்டுத் துணைச் செயலிகளுக்கும் தனித்தனியே சிறு நினைவகம்; எந்தத் தரவு எப்போது எங்கே போக வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். விளையாட்டு எழுதும் நிறுவனங்கள் திணறின. 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4-ல் சோனி செல்லைக் கைவிட்டு, எல்லோரும் எழுதிப் பழகிய வகைச் செயலிக்கு மாறியது. அந்தச் சிப்பைக் கொடுத்தது ஏஎம்டி. அப்போது ஏஎம்டியின் வணிகப் பிரிவுகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் லிசா சூ. தொடக்க காலத்தில் தான் பங்கெடுத்த சிப்பின் இடத்தைத் தன் புதிய நிறுவனத்தின் சிப் பிடித்துக்கொண்டது. மென்பொருள் எழுதுபவரைத் தவிக்கவிடும் சிப் எவ்வளவு வேகமானாலும் தோற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் குறைவு. கட்டுரையின் கடைசிப் பகுதியில் இந்தச் சிக்கல் மறுபடியும் வரும்.

இடையே 2007 முதல் 2011 வரை ஃப்ரீஸ்கேல் என்ற சிப் நிறுவனத்தில் இருந்தார். முதலில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி, பிறகு வலையமைப்புச் சிப் பிரிவின் தலைவர். ஆராய்ச்சிச் செலவைக் கேட்கும் இடத்திலிருந்து, லாபநட்டத்துக்குப் பதில் சொல்லும் இடத்துக்கு மாறியது இங்கேதான்.

2014: கையில் பணமில்லாத ஆராய்ச்சி

2012 ஜனவரியில் ஏஎம்டியில் சேர்ந்த அவர், 2014 அக்டோபர் 8 அன்று தலைமைச் செயல் அதிகாரி ஆனார். அப்போது நிறுவனம் இருந்த நிலையைப் பார்க்காமல் அவருடைய முடிவுகளின் கனம் தெரியாது.

2006-ல் ஏடிஐ என்ற கிராஃபிக்ஸ் சிப் நிறுவனத்தை 540 கோடி டாலருக்கு வாங்கிய சுமை இன்னும் இறங்கவில்லை. சொந்த ஆலைகளை 2009-ல் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் என்ற தனி நிறுவனமாகப் பிரித்துக் கொடுத்தாயிற்று. 2011-ல் வந்த புல்டோசர் கட்டமைப்பு ஏமாற்றியது. ஆஸ்டின் நகரில் இருந்த சொந்த வளாகத்தை 2013-ல் விற்று, அதிலேயே வாடகைக்குக் குடியிருந்தது. பங்கின் விலை 3 டாலரை ஒட்டி ஊசலாடி, 2015-ல் 2 டாலருக்கும் கீழே போனது. அந்த ஆண்டு வருவாய் 399 கோடி டாலர், நட்டம் 66 கோடி டாலர்.

எனக்கு இதில் மிக முக்கியமாகப் படும் எண் வேறு. 2015-ல் ஏஎம்டி ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டது சுமார் 95 கோடி டாலர். செயலிச் சந்தையில் அதன் பெரிய போட்டியாளரான இன்டெல் செலவிட்டது ஏறத்தாழ 1,210 கோடி. எதிராளி பன்னிரண்டு மடங்குக்கு மேல் செலவழிக்கும்போது, எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்வது நிச்சயத் தோல்வி. எனவே முதலில் எடுக்க வேண்டியிருந்தவை, எதைச் செய்யப் போவதில்லை என்ற முடிவுகள்:

1. கைபேசிச் சிப் சந்தைக்குள் நுழைவதில்லை. உலகமே கைபேசியின் பின்னால் ஓடிய நேரத்தில் எடுத்த முடிவு இது.

2. 2012-ல் 33.4 கோடி டாலருக்கு வாங்கிய சீமைக்ரோ என்ற சர்வர் பிரிவை 2015-ல் மூடுவது.

3. கைபேசிகளில் பரவலான ஆர்ம் வகையைச் சேர்ந்த சர்வர் சிப் திட்டங்களை ஒதுக்கிவைத்து, கணினிகளில் பழகிய எக்ஸ்86 வகையில் ஒரே ஒரு புதிய கட்டமைப்பின் மேல் ஆட்களைக் குவிப்பது.

4. மலேசியாவின் பினாங்கிலும் சீனாவின் சூஜோவிலும் இருந்த பொதித்தல், சோதனை ஆலைகளில் 85 சதவீத உரிமையை விற்றுச் சுமார் 37 கோடி டாலரைக் கையில் வைத்துக்கொள்வது.

பதவியேற்ற அதே மாதத்தில் ஊழியர்களில் 7 சதவீதம் பேரைக் குறைக்கும் அறிவிப்பும் வந்தது. மீட்புக் கதையைச் சொல்லும்போது பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வேலை இழந்தவர்களின் பங்கும் அந்த மீட்பின் விலையில் சேர்ந்ததுதான்.

குவித்த அந்த ஒரே கட்டமைப்பின் பெயர் ஜென். முந்தைய தலைமுறையைவிட ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் 40 சதவீதம் கூடுதல் வேலை செய்ய வேண்டும் என்பது இலக்கு. 2017 மார்ச்சில் ரைஸன் என்ற பெயரில் அது வெளிவந்தபோது 52 சதவீதம் எட்டியிருந்தது.

இங்கே நாம் சொன்ன கழித்தல் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். 2017-ல் வந்த ஜென் தொடங்கியது 2012 வாக்கில். அப்போது தலைமைச் செயல் அதிகாரி ரோரி ரீட். தொழில்நுட்பத் தலைமையில் 2011-ல் வந்த மார்க் பேப்பர்மாஸ்டர். 2012-ல் திரும்பி வந்து செயலி வடிவமைப்புக் குழுக்களை வழிநடத்தியவர் ஜிம் கெல்லர்; அவர் 2015-லேயே விடைபெற்றுவிட்டார். ஜென் கட்டமைப்பை வகுத்த முதன்மைப் பொறியாளர் மைக் கிளார்க். ஆக, விதை லிசா சூ போட்டது அல்ல. வயலில் பாதி காய்ந்து கிடந்தபோது, இருந்த தண்ணீரையெல்லாம் அந்த ஒரு பாத்திக்குத் திருப்பியவர் அவர். பணம் வற்றிய மூன்று ஆண்டுகளில் ஜென் திட்டத்தை வெட்டியிருந்தால், அந்தக் காலாண்டு அறிக்கை அழகாகவே இருந்திருக்கும்.

சிப்லெட்: ஒரு எளிய கணக்கு மாற்றிய தொழில்

அடுத்த முடிவை அதன் கணக்கோடு புரிந்துகொண்டால்தான் ருசி தெரியும்.

சிப்கள் 300 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் வட்டில் மொத்தமாக அச்சாகின்றன. எவ்வளவு சுத்தமான ஆலையிலும் வட்டின்மேல் ஆங்காங்கே நுண்குறைகள் விழும். குறை விழுந்த சிப் பெரும்பாலும் வீண். வட்டில் அச்சானவற்றில் எத்தனை பங்கு தேறுகிறது என்பதைத் துறையில் ஈல்டு என்கிறார்கள். லாபம், நட்டம் எல்லாம் அந்த ஒரு எண்ணில் தொங்குகிறது.

விளக்கத்துக்காக, சராசரியாகப் பத்து சதுர சென்டிமீட்டருக்கு ஒரு குறை என்று வைத்துக்கொள்வோம்.

1. 7 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரே பெரிய சிப்பாகச் செய்தால், விளிம்பு வீணாவதை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒரு வட்டில் சுமார் 100 சிப்கள். அவற்றில் தேறுபவை பாதி, அதாவது 50.

2. அதையே 0.875 சதுர சென்டிமீட்டர் சிறு துண்டுகளாகச் செய்தால் ஒரு வட்டில் சுமார் 800 துண்டுகள். அவற்றில் 92 சதவீதம் தேறும், ஏறக்குறைய 740. எட்டுத் துண்டுகளைச் சேர்த்து ஒரு செயலி என்றால், 92 செயலிகள்.

அதே வட்டு, அதே குறைகள், ஏறக்குறைய இருமடங்கு பலன். காரணம் எளிது. பெரிய சிப்பில் ஒரு குறை விழுந்தால் 7 சதுர சென்டிமீட்டரும் போகிறது. சிறு துண்டில் விழுந்தால் போவது அந்தத் துண்டு மட்டும். இந்தத் துண்டுகளுக்குத்தான் சிப்லெட் என்று பெயர்.

2017 ஜூனில் வந்த ஏஎம்டியின் முதல் எபிக் சர்வர் சிப்பில் நான்கு துண்டுகள், மொத்தம் 32 கணக்கிடும் மையங்கள். ஒவ்வொரு துண்டும் 213 சதுர மில்லிமீட்டர். ஒரே சிப்பாகச் செய்திருந்தால் 777 சதுர மில்லிமீட்டர் போதும். துண்டுகளாக்கியதில் மொத்தப் பரப்பு 852 ஆகக் கூடியது. அப்படியும் தயாரிப்புச் செலவு ஒரே சிப்பின் செலவில் 59 சதவீதம்தான் என்று ஏஎம்டி பொறியாளர்களே வெளியிட்டார்கள்.

விலை இல்லாத வரம் கிடையாது. துண்டுகளுக்கு நடுவே தரவு பயணிக்கக் கூடுதல் நேரமும் மின்சாரமும் வேண்டும். முதல் எபிக்கில் பக்கத்துத் துண்டோடு இணைந்த நினைவகத்தைத் தொட வேண்டுமென்றால் தாமதம் ஏற்பட்டது. இன்டெல் தன் விளக்கப்படத்தில் இதை 'ஒட்டவைத்த' டெஸ்க்டாப் சிப்கள் என்று குறிப்பிட்டது. சில ஆண்டுகளில் இன்டெலும் துண்டுகளாகப் பிரிக்கும் வழிக்கே வந்து சேர்ந்தது.

2019-ல் வந்த இரண்டாம் தலைமுறை எபிக்கில்தான் இந்தக் கருத்து முழு வடிவம் எடுத்தது. கணக்கிடும் எட்டுத் துண்டுகள், ஒவ்வொன்றும் சுமார் 74 சதுர மில்லிமீட்டர், விலை கூடிய 7 நானோமீட்டர் முறையில். நடுவே நினைவகத்தோடும் வெளியுலகோடும் பேசும் பெரிய துண்டு, பழைய, மலிவான 14 நானோமீட்டர் முறையில். வெளித்தொடர்புச் சுற்றுகள் புதிய முறைக்குப் போனாலும் பெரிதாகச் சுருங்குவதில்லை. அவற்றுக்கு விலையுயர்ந்த வட்டைச் செலவிடுவது வீண். எந்தத் துண்டிலிருந்தும் நினைவகத்துக்கு ஒரே வழி என்றானதால் பழைய தாமதச் சிக்கலும் தணிந்தது. மொத்தம் 64 மையங்கள். அதே கணக்கிடும் துண்டுகளை ஒன்றோ இரண்டோ வைத்து வீட்டுக் கணினிச் சிப்பும் செய்தார்கள். ஆராய்ச்சிப் பணம் குறைவாக உள்ள நிறுவனத்துக்கு, ஒரே வடிவமைப்பு இரண்டு சந்தைகளுக்கு உதவுவது எவ்வளவு பெரிய தெம்பு!

முடிவும் அதிர்ஷ்டமும்

2018 ஆகஸ்டில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. அதே நாளில் ஏஎம்டி, தன் 7 நானோமீட்டர் சிப்களை டிஎஸ்எம்சியிடம் குவிப்பதாக அறிவித்தது. முன்பு தன் சொந்த ஆலைகளாக இருந்தவற்றிலிருந்து விலகி வேறொருவரை நம்பும் முடிவு அது.

அந்த முடிவு பலித்ததற்கு எதிராளியின் சறுக்கலும் காரணம். 2016-ல் வர வேண்டிய இன்டெலின் 10 நானோமீட்டர் முறை, பெருமளவு உற்பத்தியை எட்ட 2019 ஆனது. அது குறித்த நேரத்தில் வந்திருந்தால், அதே ஏஎம்டி சிப் இத்தனை பேசப்பட்டிருக்காது. லிசா சூ எடுத்த முடிவுகளின் தரம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் முடிவின் தரத்தையும் விளைவின் அளவையும் ஒன்றாக்கிப் பேசினால் கணக்கு தப்பும். எபிக் வரும் முன் சர்வர் சந்தையில் ஏஎம்டிக்கு ஒரு சதவீதம்கூட இல்லை. 2025-ல் எண்ணிக்கையில் கால் பங்கைத் தாண்டிவிட்டது.

'பொறியாளரைத் தலைவராக்கினால் நிறுவனம் பிழைக்கும்' என்ற முடிவுக்கும் அவசரப்பட்டு வரக் கூடாது. 2021-ல் இன்டெல் தலைமைக்கு வந்த பாட் கெல்சிங்கரும் பொறியாளர். இன்டெலிலேயே செயலிகள் வடிவமைத்து வளர்ந்தவர். நான்கு ஆண்டு நிறையும் முன், 2024 டிசம்பரில் அவர் விலக நேர்ந்தது. அவர் முனைந்து நடத்திய 18ஏ தயாரிப்பு முறையில் சிப்கள் வரத் தொடங்கியபோது அவர் பதவியில் இல்லை. கழித்தல் கணக்கு இங்கேயும் பொருந்தும். லிசா சூவுக்கு இயக்குநர் குழு ஐந்து ஆண்டு கொடுத்தது; கெல்சிங்கருக்கு அது கிடைக்கவில்லை. சொந்த ஆலைகளின் பெருஞ்செலவும் அவர் தலையில் இருந்தது.

கைவிட்டதற்கான விலை

ஒன்றில் குவிப்பது என்றால் இன்னொன்றில் பின்தங்குவது. 2015 வாக்கில் ஏஎம்டி தன் சொற்பப் பணத்தைப் பொதுச் செயலிகளில் கொட்டியபோது, கணக்கீட்டுக்கான கிராஃபிக்ஸ் சிப்களும் அவற்றுக்கான மென்பொருளும் பசியோடு கிடந்தன. கிராஃபிக்ஸ் சிப்களில் ஏஎம்டியின் போட்டியாளரான என்விடியாவோ, அந்தச் சிப்களில் கணக்கீட்டு நிரல் எழுத உதவும் தன் குடா மென்பொருளை 2000-களின் பிற்பகுதியிலிருந்தே இடைவிடாமல் வளர்த்தது. செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர்கள் ஒரு தலைமுறையாக அதிலேயே எழுதிப் பழகினார்கள். அதற்கு ஈடான ஏஎம்டியின் ராக்எம் மென்பொருள் வெகு தாமதமாகவே ஓடத் தொடங்கியது. செல் சிப்புக்கு நேர்ந்த அதே வகைச் சிக்கல்.

இங்கேயும் சிப்லெட் ஓரளவு கைகொடுத்தது. 2022-ல் எக்ஸாஃபிளாப் (ஆயிரம் பீட்டாஃபிளாப்) எல்லையைத் தாண்டி உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்த ஃப்ரன்டியர் கணினியில் செயலிகளும் கணக்கீட்டுச் சிப்களும் ஏஎம்டியுடையவை. அடுத்து எல் கேப்பிட்டன் கணினிக்கு எம்ஐ300ஏ என்ற சிப்பை உருவாக்கினார்கள். அதில் மூன்று பொதுச் செயலித் துண்டுகளும் ஆறு கணக்கீட்டுத் துண்டுகளும் உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கான எம்ஐ300எக்ஸில் பொதுச் செயலித் துண்டுகளுக்குப் பதிலாகவும் கணக்கீட்டுத் துண்டுகளே வந்தன, மொத்தம் எட்டு. 2023 டிசம்பரில் அது விற்பனைக்கு வந்தபோது உலகம் சாட்ஜிபிடியால் கிளர்ந்து ஒரு ஆண்டு ஆகியிருந்தது. வடிவமைப்பைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் அந்த வேகத்தில் நடந்திருக்காது. 2024-ல் இந்த வகைச் சிப்களின் விற்பனை 500 கோடி டாலரைத் தாண்டியது. என்விடியாவின் பக்கத்தில் வைத்தால் அது இன்னும் சிறு பங்குதான்.

2024-ல் ஏஎம்டியின் ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவு 640 கோடி டாலருக்கு மேல். 2015-ன் தொகையைப் போல ஏறக்குறைய ஏழு மடங்கு. 2022-ல் சுமார் 4,900 கோடி டாலர் மதிப்பில் சைலிங்ஸ் நிறுவனத்தை இணைத்துக்கொண்டதால் பொறியாளர் படையும் பெருகியது. பணப் பஞ்சம் தீர்ந்ததும் முடிவுகளின் தன்மை மாறுகிறது. எதைக் கைவிடுவது என்று பார்த்துப் பார்த்துச் செலவிட்ட நிறுவனம், இன்று எல்லாத் திசையிலும் விரியக்கூடிய நிலையில் இருக்கிறது.

இப்போது சிக்கல் சிப்பைத் தாண்டி ரேக்குக்குப் போய்விட்டது. டஜன் கணக்கான சிப்களை ஓர் அலமாரியில் அடுக்கி, நீரால் குளிர்வித்து, ஒரே கணினிபோல் இயக்க வேண்டும். அதில் அனுபவமுள்ள இசட்டி சிஸ்டம்ஸ் நிறுவனத்தை ஏஎம்டி 2025 மார்ச்சில் வாங்கி முடித்தது. வடிவமைப்புப் பொறியாளர்களை வைத்துக்கொண்டு, உற்பத்திப் பகுதியை விற்றுவிட முடிவெடுத்தது. ஹீலியோஸ் என்று பெயரிட்ட ரேக்கில் எம்ஐ450 சிப்கள் அமரும். ஓப்பன்ஏஐ ஒப்பந்தத்தின் முதல் 1 கிகாவாட், 2026-ன் இரண்டாம் பாதியில் நிறுவத் தொடங்குவதாகத் திட்டம். பங்கு உரிமையின் கடைசித் தவணை கிடைக்க ஏஎம்டி பங்கு 600 டாலரை எட்ட வேண்டும். அந்த ரேக்குகளில் ஓடப்போகும் ராக்எம், குடாவில் பழகிய கைகளுக்கு எவ்வளவு எளிதாக வசப்படும் என்பதை, ஏஎம்டி சில ஆண்டுகளுக்கு முன்பே அமர்த்திய, அல்லது அமர்த்தாமல் விட்ட மென்பொருள் பொறியாளர்களின் எண்ணிக்கை ஏற்கெனவே பாதி தீர்மானித்துவிட்டது.